குடும்பத்தோடு கடலுக்கு: சரியான கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடற்கரைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் எல்லாரும் முதலில் போட்டோக்களைத்தான் புரட்டுவோம். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், ஆளரவம் இல்லாத கரை. உடனே முடிவும் எடுத்துவிடுவோம். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் போட்டோ சொல்லாது. சின்னக் குழந்தையை முழங்கால் அளவு தண்ணீரில் நிம்மதியாக நிறுத்த முடியுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் அழகு, வசதி எல்லாம். முதன்முறையாகக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக, நான் பார்க்கும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வீட்டிலேயே சின்னவர் யார், முடியாதவர் யார்?

ஒரு தாளில் வருகிறவர்கள் பெயரை எழுதுங்கள். மிகச் சின்னவருக்கும் நடக்கச் சிரமப்படுகிறவருக்கும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கடற்கரை அவர்களுக்குப் பொருந்த வேண்டும். முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு இளகிய மணலில் இருநூறு அடி நடப்பதே பெரும்பாடு. வாகனம் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுங்கள். பெரிய அலை கேட்கும் பதின்வயதுப் பிள்ளைகளை வேறொரு நாள், வேறொரு கரைக்குக் கூட்டிப்போகலாம்.

படி 2: செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறங்கள்

ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டுக் கரையின் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நிலம் நீண்டு, நடுவில் கரை உள்வாங்கி இருந்தால் அங்கே அலை அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நேர்கோடாக, முன்னால் எந்தத் தடுப்பும் இல்லாமல் திறந்து கிடக்கும் கரையில் அலை முழு வேகத்தோடு வந்து விழும்.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தையும், கழிவுநீர் வாய்க்கால் வந்து சேரும் இடத்தையும் தள்ளி வையுங்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கனமழைக்குப் பிறகு வாய்க்கால் அருகே இரண்டு மூன்று நாளாவது யாரும் இறங்க வேண்டாம். ஊர் அழுக்கு முழுவதும் அந்த வழியாகத்தான் கடலுக்கு வருகிறது.

படி 3: ஓதமும் காற்றும்

கடல் மட்டம் பெரும்பாலான இடங்களில் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இதைத்தான் ஓதம் என்கிறோம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று பார்த்த நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம்.

இது இடத்துக்கு இடம் மாறும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் வித்தியாசம் அரை மீட்டருக்கும் குறைவு. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை போகும். காலையில் மைதானம் போல விரிந்து கிடந்த மணல் மாலையில் காணாமல் போவது இதனால்தான். பின்னால் செங்குத்தான பாறை உள்ள கரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏறும் தண்ணீர் திரும்பும் வழியை மூடிவிடும். போகும் தேதிக்கான ஓத அட்டவணையை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. கடலைப் பார்த்து நில்லுங்கள். பிடரியில் காற்று பட்டால் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அப்போது கரையோரத் தண்ணீர் ஏமாற்றும் அமைதியோடு இருக்கும். அப்படி ஒரு நாளில் என் மகளின் மிதவை வளையம் கையை விட்டு நழுவியது. நான் துண்டை மடித்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது எங்கேயோ போய்விட்டது. அவள் அதன் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்திருந்தாள். கையைப் பிடித்துவிட்டேன். வளையம் போனால் போகட்டும். அன்றிலிருந்து பிடரியில் காற்றடிக்கும் நாளில் காற்றடைத்த பொருள் எதையும் பையிலிருந்து எடுப்பதில்லை.

படி 4: உயிர்காப்பாளர் இருக்கிறாரா?

இதில் மட்டும் எனக்குச் சமரசமே கிடையாது. குழந்தைகளோடு இறங்குவதென்றால் உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கரை, அவர் இருக்கும் நேரம். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இருக்கும் கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள பகுதியை அவர் கவனிக்கிறார் என்று பொருள். வெறும் சிவப்புக் கொடி என்றால் இறங்காதீர்கள். ஊதா நிறம் பல நாடுகளில் ஜெல்லிமீன் போன்ற கடல் உயிரினங்களைப் பற்றிய எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு சிறு மாற்றங்கள் உண்டு, நுழைவாயில் பலகையை ஒரு நிமிடம் நின்று படியுங்கள்.

படி 5: வசதிகள்

கழிப்பறை, நல்ல தண்ணீரில் குளிக்க இடம், நிழல். இந்த மூன்றும் போதும். ‘நீலக்கொடி’ சான்று பெற்ற கரைகளில் நீரின் தரத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்பது விதி. 1985-இல் பிரான்சில் தொடங்கிய திட்டம் இது, இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் கொடி பெற்ற கரையிலும் அலை அலைதான். அடுத்த படியை விட்டுவிடாதீர்கள்.

படி 6: போய்ச் சேர்ந்ததும் கால் மணி நேரம் சும்மா பாருங்கள்

பிள்ளைகள் துள்ளுவார்கள். இருந்தாலும் இறங்குவதற்கு முன் இந்தக் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் ஒரு கை மணலை அள்ளி விரல்களுக்கிடையே விடுங்கள். பொடியாக இருந்தால் கரை பெரும்பாலும் மெல்லச் சரியும், பத்திருபது எட்டு நடந்தாலும் ஆழம் முழங்காலைத் தாண்டாது. பரல் பரலாக இருந்தால் சரிவு செங்குத்தாக இருக்கக்கூடும். பரல் மணலில் ஏறிவரும் தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கிவிடும், திரும்பிப் போகும் தண்ணீருக்கு மணலை இழுத்துச் செல்ல வலு இருக்காது. அதனால் மணல் கரையில் குவிந்து மேடாகிறது. அப்படிப்பட்ட கரையில் ஒரு எட்டு கணுக்கால், அடுத்த எட்டு இடுப்பு. அலையும் கரையோரத்திலேயே வந்து மடிந்து ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். கழுத்தில் அடிபடுவது இப்படித்தான். சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கரை வேண்டாம்.

அப்புறம் நுரையைப் பாருங்கள். வரிசையாக வெள்ளை நுரை கிளம்பும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், நிறம் சற்று அடர்ந்து தெரிகிறதா? அங்கே நுரையோ கலங்கிய மணலோ கடலை நோக்கிப் போகிறதா? அதுதான் இழுப்பு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அலை இல்லாததால் பாதுகாப்பான இடம் போலத் தோன்றும், தெரியாதவர்கள் குழந்தையோடு நேராக அங்கேதான் போவார்கள். இந்த இழுப்பு நொடிக்கு 2.5 மீட்டர் வரை போகலாம், ஒலிம்பிக் நீச்சல் வீரரைவிட வேகம். கல் கொட்டிய தடுப்புச் சுவர், மரப்பாலம் போன்றவற்றின் ஓரத்தில் இது அடிக்கடி இருக்கும், குறைந்தது முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? இழுப்பு ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் இழுக்காது. எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் உயிர் போகிறது. மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வழியாகத் திரும்ப வேண்டும். இதை வண்டியில் போகும்போதே பிள்ளைகளிடம் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

படி 7: இடம் பிடித்து உட்காருதல்

உயிர்காப்பாளரின் கண்ணில் படும் இடமாகப் பாருங்கள். காலை பத்து மணிக்கு முன்போ மாலை நாலுக்குப் பிறகோ வெயில் தாங்கும். குடைக்குக் கீழே இருந்தாலும் மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், எனவே முழுக்கைச் சட்டை நல்லது. மணலில் குழி தோண்டுவது குழந்தையின் முழங்கால் உயரத்தோடு நிற்கட்டும். ஆழமான குழி சரிந்து மூடினால் மீட்பது மிகவும் கடினம். போகும்போது குழியை மூடிவிடுங்கள்.

தண்ணீரில் குழந்தை இருக்கும்வரை கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். மூழ்குகிறவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. யார் எந்த அரை மணி நேரம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். “எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும்.

கால் மணி நேரம் பார்த்த பிறகும் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் இறங்காதீர்கள். இதற்காகவே நான் எப்போதும் அரை மணி நேரத் தொலைவுக்குள் இன்னொரு கரையையும் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். அதுவும் சரியில்லை என்றால் அன்றைக்கு மணல்வீடு, சிப்பி பொறுக்கல், அலை தொடாத தூரத்தில் ஒரு நீண்ட நடை.