பின்னால் போன மகள் முன்னால் வந்த கதை

என் மகளுக்கு அப்போது 8 மாதம். தவழ ஆரம்பித்தாள், ஆனால் பின்பக்கமாக. பொம்மையைப் பார்த்துக் கையை ஊன்றுவாள். உடம்பு பின்னால் நகரும். பொம்மை தூரமாகிவிட்டதே என்று உதடு பிதுங்கும். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டாள். "பேத்தி ரிவர்ஸ் கியரில் வருகிறாள், வழி விடுங்கள்!" என்று தாத்தா சத்தம் போட, வீடே சிரித்தது.

பல குழந்தைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. குப்புறப் படுத்துத் தலை தூக்கிப் பழகுவதில் கைகளுக்கு முதலில் வலு வந்துவிடுகிறது. உந்தித் தள்ளக் கால்கள் பிறகுதான் பழகும்.

முதலில் சாக்ஸைக் கழற்றினேன். வழுக்கும் தரையில் வெறுங்கால்தான் பிடிக்கும். அப்புறம் அவளைக் குப்புற விட்டு, உள்ளங்கால்களுக்குப் பின்னால் என் கைகளைச் சுவர் மாதிரி வைத்தேன். தள்ளவில்லை, அவளே உதைக்கட்டும் என்று காத்திருந்தேன். தினமும் சில நிமிடங்கள்தான், சிணுங்கினால் தூக்கிக்கொள்வேன்.

பத்தாம் நாள், அந்தக் குட்டிக் கட்டைவிரல் என் உள்ளங்கையில் அழுந்தியது. ஒரே உந்து! வயிறு தரையில் தேய முன்னால் போய், தாத்தா கீழே வைத்திருந்த மூக்குக்கண்ணாடியைப் பிடித்துவிட்டாள். "கியர் மாறிவிட்டது!" என்றார் அவர், கண்ணாடியைத் திருப்பிக் கேட்கக்கூடத் தோன்றாமல்.