இலங்கைக்கு மொத தடவ போறீங்களா? காத்த பாத்து ப்ளான் போடுங்க

தனுஷ்கோடி கடைசியில இருக்குற அரிச்சல்முனையில போய் நின்னா சில நேரம் போனு தானா இலங்கை டவர புடிச்சுக்கும், "வெல்கம்"னு மெசேஜும் வரும், ரோமிங் ஆஃப் பண்ணாத ஆளுக்கு பேலன்ஸும் போகும். அங்க இருந்து இலங்கைக் கரையில இருக்குற தலைமன்னார் சுமாரா 30 கிலோமீட்டர்தான். ராமேஸ்வரத்துக்காரங்க நமக்கு ராம்நாடு போயிட்டு வர்றதே அதவிட தூரம். 1914ல இருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடுச்சு, சென்னையில ரயில் ஏறுனவன் இங்க எறங்கி கப்பல் மாறி அந்தப் பக்கம் கொழும்பு ரயில புடிச்சான். 1964 புயல்ல தனுஷ்கோடியே போயிருச்சு, அப்புறம் கொஞ்ச வருசம் ராமேஸ்வரத்துல இருந்து ஓடி, 80கள்ல இலங்கையில சண்டை ஆரம்பிச்சதும் அதுவும் நின்னு போச்சு. அதனால இப்ப கண்ணுக்கு எதுக்க இருக்குற ஊருக்கு ஊரச் சுத்தித்தான் போகணும்.

நான் மொத தடவ போனப்ப ஒரு ஏஜென்ட்ட நம்பி 7 நாள்ல 11 ஊருனு பேக்கேஜ் எடுத்தேன். பார்த்தது எல்லாம் வேன் ஜன்னல்தான். ரெண்டாவது தடவ அம்மாவ கூட்டிட்டு நானே ப்ளான் போட்டுப் போனேன், அதுல கத்துக்கிட்டதத்தான் இங்க வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: தேதிக்கு முன்னாடி காத்து

பாம்பன்காரங்களுக்கு இத சொல்லவே வேணாம். வாடை, அதான் வடகிழக்குக் காத்து, அடிக்கிற மாசம் வடகடல் கொந்தளிக்கும், தெக்குக் கடல் அடங்கிக் கெடக்கும், கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து ஆரம்பிச்சா அப்படியே தலைகீழ், அதுக்குத் தக்கனதான் மீன் புடிக்கப் போற பக்கத்த மாத்துவாங்க. இலங்கையும் இதே கணக்குதான், கொஞ்சம் பெருசா. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் மழை கொழும்பு, காலி, மலைநாட்டோட மேற்குச் சரிவுனு அந்தப் பக்கம் கொட்டும், அப்ப யாழ்ப்பாணமும் திருகோணமலையும் காய்ஞ்சு கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். வாடை மழை அந்த வடக்கு கிழக்க நனைக்கிறப்ப, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் தெற்கும் மேற்கும் வெயிலா இருக்கும்.

அதனால லீவு எந்த மாசம் கெடைக்குதோ அதுக்கு ஏத்த பாதி தீவ மட்டும் எடுங்க. முழுசும் பாத்துட்டு வந்துரலாம்னு ஆசப்படாதீங்க. அக்டோபர், நவம்பர் மட்டும் வேணாம், அப்ப மழை எந்தப் பக்கமும் வரும்.

ஸ்டெப் 2: பேப்பர்

பாஸ்போர்ட் இல்லாதவங்க மொதல்ல அத எடுங்க, நமக்கு மதுரை ஆபீஸ்தான். அப்புறம் இலங்கை அரசோட இடிஏ சைட்ல ஆன்லைன்லயே பெர்மிட். ரூல்ஸும் கட்டணமும் அடிக்கடி மாறுது, அதனால டிக்கெட் போடுற அன்னைக்கு அந்த சைட்டயே தொறந்து பாருங்க, அதே மாதிரி பேருல நாலஞ்சு டூப்ளிகேட் சைட் காசு புடுங்க உக்காந்திருக்கு.

பாஸ்போர்ட் இல்லாமலே இலங்கை மண்ண மிதிக்கணும்னா வழி ஒன்னே ஒன்னு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. வருசா வருசம் பிப்ரவரி, மார்ச் வாக்குல நடக்கும், பேரு பதிஞ்சு ராமேஸ்வரத்துல இருந்து போட்ல போகணும். அது டூர் இல்ல, சாமி கும்புட போறது, ஆனா கடல் பயம் இருக்கானு தெரிஞ்சுக்க நல்ல ட்ரையல்.

ஸ்டெப் 3: போற வழி

மதுரையில இருந்து கொழும்புக்கு ப்ளைட் இருக்கு, ஒரு மணி நேரம் சொச்சம், சீட்ல சாஞ்சு கண்ண மூடுறதுக்குள்ள எறங்கச் சொல்லிருவான். யாழ்ப்பாணம் பலாலி ஏர்போர்ட்டுக்குன்னா சென்னையோ திருச்சியோ போகணும். மூணாவது, நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு நின்னு மறுபடி 2024 ஆகஸ்ட்ல இருந்து ஓடுது. நம்ம ஆளுங்களுக்கு தொண்டி, மீமிசல் வழியா ஈசிஆர்லயே நாகை போயிரலாம். கடல்ல நாலு மணி நேரம் மாதிரி ஆகும். வாடை மாசத்துல சர்வீஸ நிப்பாட்டிருவாங்க, அத நம்பி டிசம்பர்ல ப்ளான் போடாதீங்க.

வாட்ச்ச மாத்த வேணாம், நேரம் ஒன்னுதான். காசு மட்டும் மாறும், நம்ம ஒரு ரூவாய்க்கு அங்க மூணு ரூவாய்க்கு மேல கெடைக்கும். மொத நாள் சாப்பாட்டு பில்ல பாத்து அம்மாவுக்கு நெஞ்சடைச்சுப் போச்சு, மூணால வகுத்து சொன்னப்புறம்தான் சோறு எறங்குச்சு.

ஸ்டெப் 4: டிசம்பர் டூ மார்ச்னா கண்டி, மலைநாடு, தெற்கு

கொழும்புல ஒரு நாள் போதும்ங்கிறது என் அபிப்பிராயம். நேரா கண்டிக்கு வண்டிய விடுங்க. தலதா மாளிகையில புத்தரோட பல்ல வச்சுக் கும்புடுறாங்க, முட்டியும் தோளும் மூடுன துணி கட்டாயம். கண்டிய ஆண்ட கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், 1815ல புடிச்சு வேலூர்க் கோட்டையில கொண்டாந்து வச்சாங்க, 1832ல அங்கேயே செத்தாரு, அவரு சமாதி பாலாத்தங்கரையில முத்துமண்டபம்னு இப்பவும் இருக்கு.

அங்க இருந்து நானுஓயா வழியா எல்லங்கிற மலை ஊரு வரைக்கும் ரயில். ரிசர்வ் டிக்கெட் தொறந்த ஒடனே தீந்துரும், கெடைக்கலன்னா கவலப்படாதீங்க, மூணாம் வகுப்புல கதவுப் பக்கம் நின்னு போறதுதான் சுகமே. மழையில மண்சரிவு வந்தா லைன நிப்பாட்டிருவாங்க, அதனால முந்தின நாள் ஸ்டேசன்ல கேட்டுக்கங்க. எல்ல பக்கத்துல தெமோதரையில ஒன்பது வளைவுப் பாலம், 1921ல கட்டி முடிச்சது, முழுக்க கல்லும் செங்கல்லும் சிமெண்டும்தான், இரும்பே இல்ல. பாம்பன் பாலத்த பாத்து வளந்த நமக்கு பாலம் என்ன புதுசானு நெனச்சேன், காட்டுக்குள்ள இருந்து நீல ரயில் வளைஞ்சு வர்றப்ப வாய மூடிக்கிட்டேன்.

தேயிலைத் தோட்டத்த போட்டோ எடுக்குற எடமா மட்டும் பாக்காதீங்க, நம்ம ஜில்லாக்காரங்க அதுல ஒரு மணி நேரமாவது யார்கிட்டயாச்சும் பேசணும். அந்த லயத்து (தோட்டத்துல வரிசையா இருக்குற வீடு) ஆளுங்களோட பாட்டன் பூட்டன் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி பக்கம் பஞ்சத்துல கெளம்புனவங்க, மண்டபம் கேம்ப்ல அடச்சு வச்சு செக் பண்ணித்தான் கப்பல் ஏத்துனாங்க, அதுக்கும் முந்தி போனவங்க மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போயிருக்காங்க, வழியில செத்தவங்களுக்குக் கணக்கே இல்ல. நானுஓயாவுக்கு பக்கத்துல கொழுந்துக் கூடைய எறக்கி வச்சுட்டு நின்ன ஒரு அம்மா, "எந்த ஊரு நீங்க"னு கேட்டாங்க. ராமேஸ்வரம்னு சொன்னேன். "எங்க தாத்தாவுக்கு பரமக்குடிப் பக்கம், ஊரு பேரு தெரியாது"னு சொல்லிட்டு, எங்கம்மா கைய புடிச்சு உள்ளங்கைய திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அவங்க வெரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை ஏறி கருப்பா இருந்துச்சு. அம்மா அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடல.

நாள் மிச்சம் இருந்தா கீழ எறங்கி காலிக் கோட்டை, மிரிஸ்ஸவுல திமிங்கலம், யாலவுல சிறுத்தை. வேண்டுதல் இருக்கறவங்க கதிர்காமம்.

ஸ்டெப் 5: மே டூ செப்டம்பர்னா வடக்கும் கிழக்கும்

யாழ்ப்பாணத்துல எறங்குனா மொத அரை மணி நேரம் வெளிநாடுனே தோணாது. பனை, உப்புக் காத்து, செம்மண், கருவாட்டு வாடை. பேச்சுதான் காட்டிக் குடுக்கும், அங்க "பேசுறீங்க"ன்னா ஏசுறதுனு அர்த்தமாயிரும், "கதைக்கிறீங்க"னு சொல்லிப் பழகுங்க. ரொட்டி வேணும்னா பாண், டீ வேணும்னா தேத்தண்ணி. ஒடியல் கூழ் கெடைச்சா விடாதீங்க, நண்டும் இறாலும் மீனும் போட்டு பனங்கிழங்கு மாவுல காச்சுவாங்க, நம்ம ஊர்ல இத்தன பனை இருந்தும் இத ஏன் செய்யலனு எனக்கு இன்னும் வெளங்கல.

நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழா ஆகஸ்ட் வாக்குல 25 நாள், ஆம்பளைங்க சட்டைய கழட்டித்தான் உள்ள போகணும். குறிகட்டுவான்ல போட் ஏறி நயினாதீவு, முடிஞ்சா நெடுந்தீவு, அங்க காட்டுக் குதிரை மேயும். கெழக்க போனா திருக்கோணேஸ்வரம், சம்பந்தர் பாடுனது. மன்னார்ல திருக்கேதீஸ்வரமும் பாடல் பெற்றதுதான், அங்க போறப்ப தலைமன்னார் பழைய ஜெட்டியவும் எட்டிப் பாத்துருங்க.

மின்னேரியாவ மறந்துராதீங்க. மூணாம் நூற்றாண்டுல மகாசேனன் வெட்டுன குளம். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை"னு நாம ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய பெருமையா சொல்லுவோம்ல, அந்த மாதிரி. நம்ம கண்மாய் வத்துனா சீமைக்கருவேலம் மொளைக்கும், அது வத்துனா புல்லு மொளைக்கும், அந்தப் புல்லுக்கு ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் யானைங்க கூட்டங் கூட்டமா வரும். சாயங்கால ஜீப்ப புடிங்க.

சிகிரியா ரெண்டு சீசனுக்கும் ஒத்து வரும். அஞ்சாம் நூற்றாண்டுல காசியப்பன் பாறை மேல கட்டுன அரண்மனை, ஆயிரத்துக்கும் மேல படி. காலைல கதவு தொறக்கறப்பவே நில்லுங்க, ஒரிஜினல் பாஸ்போர்ட்ட காட்டி சார்க் நாட்டு (இந்தியா மாதிரி தெற்காசிய நாட்டு) ரேட் கேளுங்க. வழியில பெரிய சிங்கத்தோட பாதம் மாதிரி செதுக்குன வாசல் இருக்கு, அந்தச் சிங்கப் பாதத்துக்கு மேல இரும்புப் படி, காத்து அடிச்சா காலு கூசும், எங்கம்மா பாதத்தோட நின்னுக்கிட்டாங்க. பாதி வழியில இருக்குற ஓவியத்த போட்டோ எடுக்க விட மாட்டாங்க.

ஸ்டெப் 6: வம்புல மாட்டாம இருக்க

புத்தர் சிலைக்கு முதுக காட்டி செல்பி எடுக்காதீங்க, அங்க அது பெரிய குத்தம். பௌர்ணமிக்கு பௌர்ணமி போயா லீவு, சரக்கு கெடைக்காது, கறிக்கடையும் இருக்காது, காலண்டர பாத்துக்கங்க.

கடைசியா நம்ம கடக்கரைக்குனே ஒன்னு. கெளம்புற சேதி தெரிஞ்சா யாராவது ஒரு பார்சலோட வந்து "அங்க ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு தம்பி"னு நிப்பாங்க. மஞ்சளா இருந்தாலும் மருந்தா இருந்தாலும் வாங்காதீங்க. கடல் அட்டைன்னா இன்னும் மோசம், அத இங்க புடிக்கறதே 2001ல இருந்து சட்ட விரோதம். சித்தப்பா குடுத்தாலும் பைய தொறந்து காட்டச் சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.