ஈறு சிகிச்சையில் லூப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லூப், அதாவது கண்ணாடிபோல் அணியும் உருப்பெருக்கி, வாங்கும் பல் மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, அது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பதுதான். முதல் தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மடங்கு கூடக்கூட ஒரே பார்வையில் அடங்கும் பரப்பு சுருங்கும், தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும், வெளிச்சமும் மங்கும். வாய் முழுவதற்கும் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி நீக்குவது) செய்ய 2.5 மடங்கு தாராளமாகப் போதும். நேராக 5 மடங்கில் தொடங்குபவர், தலையைச் சற்று அசைத்தாலே எந்தப் பல்லில் இருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கும்.

மடங்கைவிட முக்கியமானது வேலைத் தூரம், அதாவது கண்ணுக்கும் நோயாளியின் பல்லுக்கும் இடையே காட்சி தெளிவாக இருக்கும் தூரம். இதை நின்றுகொண்டோ, மேசை முன் அமர்ந்தோ அளக்கக் கூடாது. சிகிச்சை செய்யும் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, வழக்கமாக அமரும் நிலையில்தான் அளக்க வேண்டும். உங்கள் இயல்பான தூரம் 45 சென்டிமீட்டராக இருக்க, லூப் 35 சென்டிமீட்டருக்கு அமைந்துவிட்டால், நாள் முழுவதும் அதற்காகக் குனிந்தே தீர வேண்டும். லென்ஸின் கீழ்நோக்கிய சாய்வு போதாவிட்டாலும் இதே கதைதான். கழுத்து வலியைத் தவிர்க்க வாங்கிய கருவியே கழுத்து வலியைக் கொடுப்பது இப்படித்தான்.

இவற்றைவிடப் பெரிய தவறு, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதால் வேர் சுத்தமாகிவிட்டது என்று நம்புவது. ஈறைத் திறக்காமல் செய்யும் சிகிச்சையில், 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஈறுப்பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் பள்ளத்தின்) அடியில் ஒட்டியிருக்கும் காரையை எந்த லூப்பும் காட்டாது. அங்கே எக்ஸ்ப்ளோரர் என்னும் மெல்லிய துழாவு கருவியின் முனையில் விரல் உணரும் சொரசொரப்புதான் சாட்சி. அறுவை சிகிச்சையில் ஈறை விலக்கிய பிறகு நிலைமை வேறு. கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் இடத்தின் நுழைவு அகலம் பல வேளைகளில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. காரையைச் சுரண்டும் கைக்கருவியான க்யூரெட்டின் அலகோ ஏறத்தாழ 0.75 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை அகலம் கொண்டது. உள்ளே காரை இருப்பதை லூப் காட்டிவிடும், ஆனால் அலகு நுழையாது. அந்த இடத்துக்கு அதிர்வால் காரையை உடைக்கும் மெல்லிய அல்ட்ராசோனிக் முனையை எடுக்காமல் க்யூரெட்டோடு போராடுவதில் பயனில்லை.

கருவிகள் பார்வைக்கு ஈடுகொடுக்காத இதே சிக்கல், நுண்ணோக்கியின் கீழ் தையல் போடும்போது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். தையல் நூலின் அளவைக் குறிக்கும் 4-0, 6-0 போன்றவற்றில் முதல் எண் கூடினால் நூல் மெலியும். 4-0 நூலையும் வழக்கமான ஊசிபிடிப்பானையும் வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் பார்த்தால், திசு கிழிவதை மட்டுமே பெரிதாகப் பார்க்கலாம். 6-0, 7-0 நூலும் அதற்கேற்ற சிறு கருவிகளும் வேண்டும். கை நடுக்கமும் பெரிதாகவே தெரியுமாதலால், விரலை அருகிலுள்ள பல்லில் ஊன்றாமல் வேலை செய்யக் கூடாது.

கண்ணையும் மறைக்கும் முகத்தடுப்புக்கு (face shield) லூப் மாற்றாகாது. ஸ்கேலிங் கருவி தெறிக்கும் நீர் பக்கவாட்டு இடைவெளி வழியே கண்ணை எட்டும்.

பழகாதவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொன்று, லென்ஸ் வழியே பார்த்தபடியே தட்டிலிருந்து கருவியை எடுப்பது. கைக்கும் கண்ணுக்கும் தூரக்கணக்கு பிசகி, கூரிய க்யூரெட் நோயாளியின் முகத்துக்கு மேலே தடுமாறும். கருவியை மாற்றும்போது லென்ஸுக்கு மேலாகப் பார்த்து, உதவியாளரிடமிருந்து நோயாளியின் மார்புக்கு நேரே வாங்கி, அலகு வாய்க்கு அருகே வந்த பிறகே பார்வையை லென்ஸுக்குள் இறக்குங்கள். இதைப் பொம்மைத் தாடையில் சில நாள் பழகிவிட்டு நோயாளியிடம் வருவது நல்லது.