"அவருக்கு நடத்தவே தெரியல சார்": புகார் எங்கே தடம் மாறுகிறது?

செமஸ்டர் பாதி தாண்டியதும் எச்.ஓ.டி. எனப்படும் துறைத் தலைவரின் அறை வாசலில் நான்கைந்து பேர் வந்து நிற்பார்கள். கையில் ஒரு தாள், அதில் வகுப்பு முழுக்கப் போட்ட கையெழுத்து. "இந்த சாருக்கு நடத்தத் தெரியவில்லை, வேறு ஆளை மாற்றித் தாருங்கள்." மாணவனாக இருந்தபோது அந்த வாசலில் நானும் நின்றிருக்கிறேன். இப்போது 14 ஆண்டுகளாகப் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். சொல்கிற விதத்தில்தான் அந்த உண்மை தொலைந்துபோகிறது.

முதல் தவறு, "எனக்குப் புரியவில்லை" என்பதையும் "அவருக்கு நடத்தத் தெரியவில்லை" என்பதையும் ஒன்றாக்குவது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தெளிவான, சரளமான விரிவுரை. இன்னொரு பிரிவு குழுவாக உட்கார்ந்து தானே கணக்குப் போட்டுத் தடுமாறியது. தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியது தடுமாறிய பிரிவு. ஆனால் குறைவாகவே கற்றதாக நினைத்ததும் அதே பிரிவுதான். 1970இல் அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவக் கல்வியாளர்கள் முன்னால் பேசவிட்டார்கள். முன்னுக்குப் பின் முரணான, உள்ளே ஒன்றுமே இல்லாத பேச்சு. கேட்டவர்கள் நன்றாக இருந்ததாக மதிப்பிட்டார்கள்.

ஆக, வகுப்பு நமக்குப் பிடித்ததா என்பது மட்டும் போதாது. என்ன நடந்தது என்று எழுதுங்கள். "நடத்தத் தெரியவில்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த எச்.ஓ.டி.யும் ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டாம் யூனிட் ஃபூரியர் தொடரில் ஒரு கணக்குகூடப் போர்டில் போடவில்லை, பி.பி.டி.யை மட்டும் வாசித்தார்" என்றால் அதே வாரம் சரிசெய்ய முடியும்.

அடுத்தது, அம்பை ஆள் மாற்றி எய்வது. போர்ஷன் முடியவில்லை, செமஸ்டர் நடுவில் ஆசிரியர் மாறிவிட்டார், ஒருவரே மூன்று பாடம் எடுக்கிறார் என்பதெல்லாம் நியாயமான புகார்கள். ஆனால் அவை அந்த ஆசிரியர் மீதான புகார்களா? 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அப்படிச் சிக்கிய பெயர்கள் 300க்கும் மேல். காகிதத்தில் மட்டும் இருக்கும் அந்த ஆளின் வேலையையும் சேர்த்துச் சுமப்பது, உங்கள் முன்னால் களைத்துப்போய் நிற்கிறவர்தான். அங்கே கேட்க வேண்டியது நிர்வாகத்தை.

கல்லூரிக்குள்ளேயே ஆசிரியர் போடும் இன்டர்னல் மார்க் விஷயத்தை நான் லேசாகக் கடந்துபோக மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனுக்கு (பாடத்திட்ட, தேர்வு விதிகள்) முன்பு தியரி பாடத்துக்கு இன்டர்னல் 20, பல்கலைத் தேர்வு 80. இப்போது 40, 60. ஆசிரியர் கையில் இருக்கும் மதிப்பெண் இரு மடங்கு, மாணவர்களின் பயமும் அதற்கேற்ப. "இன்டர்னல்ல கை வெச்சுடுவேன்" என்று மிரட்டும் குரலை ஸ்டாஃப் ரூமில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அது அதிகார துஷ்பிரயோகம். அதைப் புகாராக்குவதில் தயங்கவே கூடாது.

ஆனால் இங்கேயும் ஒரு குழப்பம் இருக்கிறது. கறாராகத் திருத்துவது வேறு, பாரபட்சம் காட்டுவது வேறு. வகுப்பில் எல்லோருக்குமே மார்க் குறைந்தால் அவர் கறாரானவர். விடைத்தாளில் படிகளை எழுதப் பழகினால் மார்க் வரும். ஒரே விடைக்கு ஒருவருக்கு 11, இன்னொருவருக்கு 6 என்றால் அது பாரபட்சம். இதை நிரூபிக்கத் திருத்திய விடைத்தாள் வேண்டும். பலர் அதைத் திரும்பத் தரும் நாளில் மொத்த மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்துவிடுகிறார்கள். இன்டர்னல் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறிய பிறகு ஓடிவந்தால் யார் என்ன செய்ய முடியும்? தாள் கைக்கு வந்த அன்றே கேளுங்கள். முதலில் அந்த ஆசிரியரிடமே கேளுங்கள்.

ஃபீட்பேக் ஃபார்மை இரண்டு நிமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரே கட்டத்தில் டிக் அடித்துத் தள்ளுவதும் ஒரு தவறுதான். மேடம்களின் சேலை, குரல், ஆங்கில உச்சரிப்பு பற்றி அதில் எழுதுவது அதைவிட மோசம். வட கரோலினாவில் ஓர் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர்களின் பெயரை ஆண், பெண் என்று மாற்றிக் காட்டிப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. உண்மையில் யார் நடத்தினாலும், ஆண் பெயருக்கே மதிப்பெண் கூடியது. நம் வகுப்பறைகளில் மட்டும் இது இருக்காது என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், எந்தக் கதவைத் தட்டுவது? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆசிரியர் பெயரைப் போட்டால் உங்கள் புகார் செத்துப்போகும், உங்கள் மேல் புதுப் புகார் பிறக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பாலியல் சீண்டல் என்றால் இந்தப் பாதையே வேண்டாம், எச்.ஓ.டி.யிடம் சமாதானம் பேசவும் வேண்டாம். அதற்குச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருவர் ஒரு நோட்டுடன் வந்தார்கள். 45 பீரியட் நடக்க வேண்டிய பாடத்தில் 13 நடக்கவில்லை என்று தேதி வாரியாகக் குறித்திருந்தார்கள். அந்த ஆசிரியரைப் பற்றி ஒரு தவறான சொல்கூட அதில் இல்லை. அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். அந்த 13இல் 9 நாட்கள் நிர்வாகமே அவரை அட்மிஷன் வேலைக்கு அனுப்பியிருந்தது. அந்தச் சனிக்கிழமையே கூடுதல் வகுப்பு தொடங்கியது. அட்மிஷனுக்கு வகுப்பு நேரத்தில் யாரையும் அனுப்பக் கூடாது என்று எச்.ஓ.டி. முதல்வருக்கு எழுதிய கடிதத்தோடு, அந்த நோட்டின் நகலும் போனது.