கிளிநொச்சி வெயிலில் ஸ்கீ ஜம்பிங் பயிற்சி

என் தங்கச்சியின் மகள் நோர்வேயில் ஸ்கீ ஜம்பிங் பாய்கிறவள். ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டி, உயர்ந்த மேடையில் வழுக்கி வந்து, விளிம்பில் பாய்ந்து பறந்து, கீழே சரிவில் இறங்கும் விளையாட்டு அது. யூன் கடைசியில் அங்கே பள்ளிக்கூடம் பூட்டினால் தாயோடு கிளிநொச்சிக்கு வந்துவிடுவாள். ஓகஸ்டில் திரும்பிப் போனதும் கழகத்தில் மறுபடி பாய்ச்சல். இடைப்பட்ட வாரங்களில் கால் சோராமல் பார்ப்பது மாமன் தலையில் விழுந்திருக்கிறது. நான் விளையாட்டு ஆசிரியர். நீளம் பாய்தல், உயரம் பாய்தல் பழக்குகிறவன். இந்த விளையாட்டை அவளிடமிருந்தும், அவளுடைய பயிற்றுநர் அனுப்பும் வீடியோக்களிலிருந்தும்தான் படித்தேன். இப்படிப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடுகள் வன்னியில் வேறும் இருக்கும், அவர்களுக்காக எழுதுகிறேன்.

பனியே இல்லாத ஊரில் என்ன பயிற்சி என்று கேட்காத ஆள் இல்லை. அங்கேயும் கோடையில் மேடைகளில் பனி இல்லைதான். 1954இல் கிழக்கு ஜேர்மனியின் ஓபர்ஹோஃபில் ஹான்ஸ் ரென்னர் என்பவர் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் பாயலாம் என்று காட்டினார். அன்றிலிருந்து கோடையிலும் பாய வழி பிறந்துவிட்டது. இறங்கும் சரிவு முழுக்கத் தும்புத்தடி நார்போலப் பிளாஸ்டிக் தொங்கும். தண்ணீர் தெளித்தால் ஸ்கீ வழுக்கிக்கொண்டு போகும். 1994 முதல் கோடைக்கென்றே கிராண்ட் பிரி தொடரும் நடக்கிறது. லில்லஹாமரில் 1994 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மேடையிலும் கோடையில் பிளாஸ்டிக்கில் பாய்கிறார்கள்.

ஆகவே பறப்பதை அவள் அங்கேயே பழகட்டும். குளக்கட்டில் பலகை வைத்து, தார்ப்பாய் விரித்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றலாம் என்று யோசனை சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். வேண்டவே வேண்டாம். உண்மையான மேடையில் இறங்கும் சரிவு, பறக்கும் பாதையை ஒட்டியே வளைந்து போகும். அதனால்தான் நூறு மீற்றர் பறந்தவர்கூட நின்றபடி இறங்குகிறார். அந்த வளைவு இல்லாத இடத்தில் விழுந்தால் முழங்கால் மிஞ்சாது.

இங்கே பழகக்கூடியது கிளம்புதல், அதாவது மேடை விளிம்பில் காலால் உந்தி எழும்புவது. பாய்ச்சலின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பதும் அதுதான். பெரிய மேடையில் மணிக்கு 90 கிலோமீற்றர் அளவு வேகத்தில் வந்து, விளிம்பில் ஏறத்தாழ 0.3 செக்கனில் நிமிர்ந்துவிட வேண்டும். விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை, அது கீழ்நோக்கி 10, 11 பாகை சரிந்திருக்கிறது. மேலே போகும் உந்தல் காலிலிருந்துதான் வரவேண்டும்.

சரி, முதலில் குந்தி நிற்கும் நிலை. முழங்கால் பாதவிரலுக்கு மேலே, நெஞ்சு தொடையை ஒட்டி, முதுகு தரைக்குச் சமாந்தரம், கைகள் உடம்போடு பின்னால், பார்வை முன்னால். முதுகில் ஒரு தும்புத்தடியைக் கிடையாக வைத்துப் பாருங்கள்; உருண்டு விழாவிட்டால் சரி. அரை நிமிடம் நிற்கட்டும், பிறகு ஓய்வு. பாரம் முன்பாதத்துக்கும் போகாமல் குதிகாலுக்கும் போகாமல் பாதம் முழுக்கப் பரவவேண்டும். கணுக்கால் இறுக்கமாக இருந்தால் இது வராது. கதிரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குதி நிலத்தில் பட இருக்கக் குந்தவே முடிவதில்லை. அம்மம்மாவோடு குந்தியிருந்து வெங்காயம் உரிக்க விடுங்கள். அதைவிட நல்ல கணுக்கால் பயிற்சி எனக்குத் தெரியாது.

இனி முக்கியமான விஷயம். சப்பாத்தோடு தரையில் நின்று பாயும்போது, நாம் எல்லாரும் நிலத்தைப் பின்னால் உதைத்துத்தான் முன்னால் போகிறோம். மேடைத் தடத்தில் உராய்வு இல்லாத குறைதான். அங்கே பின்னால் உதைத்தால் ஸ்கீ வழுக்கும், உந்தல் கிடைக்காது. வெறும் தரையில் மாதக்கணக்காகப் பாய்ந்து பழகினால் இந்தப் பிழை காலில் ஊறிவிடும். அதற்கு மருந்து சில்லு வைத்த பலகை.

இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு அங்குலத் தடிப்பான வேப்பம் பலகை எடுங்கள். பெடியள் பெயரிங் வண்டி செய்வார்களே, அதே பழைய பெயரிங்குகள் நான்கு, அடியில் இரண்டு அச்சில். கடையில் விற்கும், எல்லாப் பக்கமும் திரும்பும் சில்லு வேண்டாம். பலகை நேரே மட்டும்தான் ஓடவேண்டும். மேலே பழைய சைக்கிள் ரயரை வெட்டி ஆணி அடித்தால் கால் வழுக்காது. நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் இருந்தால் அதுவே போதும். கூட்டிவிட்டுத்தான் ஓட்டவேண்டும், ஒரு சின்னக் கல் போதும் பலகையைச் சடக்கென்று நிறுத்த.

பிள்ளை பலகையில் குந்தி நிற்க, ஒருவர் பின்னாலிருந்து நடை வேகத்தில் தள்ளிவிட்டு விலகவேண்டும். முன்னால் மெத்தை. சோக்கட்டியால் கீறிய கோட்டுக்கு வந்ததும் கிளம்பவேண்டும். பிறகு பிள்ளையைப் பார்க்காதீர்கள், பலகையைப் பாருங்கள். சரியாகக் கிளம்பினால் பலகை தன்பாட்டில் முன்னே உருண்டு வரும். பின்னால் உதைத்திருந்தால் சர்ரென்று பின்பக்கம் ஓடிப்போய்த் தள்ளியவரின் கணுக்காலைப் பதம் பார்க்கும். அதற்காகப் பின்னால் ஒரு கார் ரயர் போட்டு வையுங்கள். திருத்தம் சொல்ல வாயே தேவையில்லை, சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அது பிடிபட்டபின் மெத்தையை எடுத்துவிட்டு ஆள் பிடிக்கலாம். முன்னால் நிற்பவர் கைகளை உயர்த்தி, பாய்ந்து வருபவரை இடுப்பில் தாங்கிப் பிடிக்க, உடம்பு நீட்டி நிமிர்ந்து அவர் தலைக்கு மேலே சாய்ந்து நிற்கும். எங்கள் வீட்டில் பிடிப்பது என் மூத்த மகள். மச்சாள்மார் இருவருக்கும் கூச்சமில்லை, அவள் வலைப்பந்தாட்டம் ஆடியதால் கையிலும் பலமுண்டு. பலமில்லாதவரைப் பிடிக்க விட்டால் இரண்டு பேரும் விழுவார்கள்.

ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு பாய்ச்சல் போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிடம். களைத்த காலோடு பாய்ந்தால் களைத்த பாய்ச்சல்தான் பழகும். பட்டணத்து ஜிம்முக்குக் கூட்டிப்போய்ப் பாரம் தூக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, இந்த வயதுக்குத் தடை தாண்டிப் பாய்வதும் படியேறுவதும் போதும்.

இறங்குதலுக்குப் பள்ளிக்கூட நீளம் பாய்தல் மணல் நல்லது. முழங்கால் உயரக் கட்டிலிருந்து குதித்து, ஒரு கால் முன்னே, மறுகால் பின்னே, முழங்கால் மடித்து, கைகளை விரித்து இறங்கவேண்டும், டெலிமார்க் என்பார்கள். ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 புள்ளிவரை போடுவார்கள், கூடியதும் குறைந்ததும் கழிக்கப்படும். இரண்டு காலையும் சேர்த்து இறங்கினால் அங்கேதான் வெட்டுவார்கள்.

நேரம்: காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியுங்கள். ஒன்பது மணிக்குச் சீமெந்து காலைச் சுடும். உப்புப் போட்ட மோர் ஒரு போத்தல் பக்கத்தில் இருக்கட்டும். பின்னேரம் சோளகம் பலமாக வீசும்போது இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போகலாம். எதிர்க்காற்றுத்தான் பாய்பவரைத் தூக்கிக் கொடுப்பது. பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடிக்க, காற்றுக்கு எதிரே கை ஒடுக்கிச் சாய்ந்து நிற்பாள். பயிற்சியை விட விளையாட்டுத்தான், விடுமுறைதானே. ஓடப் போவதென்றால் தெரிந்த பாதையிலேயே ஓடட்டும். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

தாய் தகப்பனுக்கு: ஸ்கீயைக் கொண்டுவராதீர்கள். உயரத்தின் 145 சதவீதம்வரை நீளம் வைக்கலாம் என்பது விதி, 160 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு 232 சென்ரிமீற்றர். எந்த வாகனத்தில் ஏற்றுவது? சப்பாத்தை மட்டும் கொண்டுவாருங்கள், கடைசி வாரத்தில் அதோடு நான்கைந்து தரம் பாயட்டும்.

சாப்பாட்டுக்குத் தடை போடாதீர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாவிட்டால் ஸ்கீயின் நீளத்தைக் குறைக்கச் சொல்வது இந்த விளையாட்டின் விதி, ஆகவே அம்மம்மாவின் புட்டும் முட்டைப் பொரியலும் விதிக்கு உட்பட்டவைதான். பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பவர்களிடம், 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் இந்தப் போட்டி வந்ததையும், ஜேர்மனியின் கரீனா ஃபோக்ட் முதல் தங்கம் வாங்கியதையும் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை பயிற்றுநருக்கு வீடியோ அனுப்புங்கள். போனைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில், நேர் பக்கவாட்டில், ஆடாமல் வைத்து மெதுவோட்டத்தில் எடுக்கவேண்டும். தலையும் காலும் முழுக்க விழவேண்டும், பலகை ஓடிப்போகும் இடமும் விழவேண்டும்.