சம்பள உயர்வா, கம்பெனி காரா? மின்சாரக் காருக்குச் சம்மதிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

2024 ஆகஸ்டில் எங்கள் விதை நிறுவனத்தில் எனக்கு முன்னால் இரண்டு கடிதங்களை வைத்தார்கள். ஒன்றில் மாதம் 15,000 ரூபாய் சம்பள உயர்வு. இன்னொன்றில் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்சாரக் கார், நான்கு ஆண்டுகளுக்கு. இரண்டில் ஒன்றுதான். முடிவு சொல்ல ஐந்து நாள் அவகாசம்.

வீடு மதுரைத் திருநகரில், அலுவலகம் கப்பலூரில். தேனி, ஒட்டன்சத்திரம், ராஜபாளையம் என்று வேலைக்காக மாதம் 1,200 கி.மீ. அலைகிறேன். உசிலம்பட்டியில் அம்மா, சந்தை, கோயில் என்று சொந்த ஓட்டம் 600 கி.மீ. என்னிடம் இருந்த பெட்ரோல் கார் பதினோரு வயதைக் கடந்து ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒரு செலவு வைத்துக்கொண்டிருந்தது. நான் கணக்கிட்ட வரிசையிலேயே சொல்கிறேன். என்னுடைய எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: 15,000 ரூபாய் கைக்கு எவ்வளவாக வரும்?

நான் புதிய வரி முறையில் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தேன். 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்தால் 20.8 சதவீதம். 15,000த்தில் 3,120 ரூபாய் வரிக்குப் போய்விடும். உயர்வில் பாதி, அதாவது 7,500, அடிப்படைச் சம்பளத்தில் சேர்வதாக இருந்தது; அதில் 12 சதவீதமான 900 ரூபாய் பி.எஃப். கணக்குக்குப் போகும். மீதி கைக்கு வருவது 10,980. பி.எஃப்.புக்குப் போன 900 நம் பணமே; நிறுவனமும் இன்னொரு 900 போடும். அந்தத் தொகை உயர்வுக்கு வெளியே வருகிறதா, உள்ளேயே அடங்கிவிடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். வேலையை விட்டு விலகும்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) பார்க்க வேண்டும். கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, மொத்தப் பணி ஆண்டுகளால் பெருக்குவதுதான் அதன் கணக்கு. ஆகவே இன்று அடிப்படையில் ஏறும் 7,500 ரூபாய், நீங்கள் ஏற்கெனவே உழைத்து முடித்த ஆண்டுகளுக்கும் சேர்த்தே பலன் தரும். எனக்கு அப்போது ஒன்பது ஆண்டுப் பணி: ஏறத்தாழ 38,900 ரூபாய். திண்டுக்கல் பகுதியைப் பார்க்கும் மூத்த சக ஊழியர் ஒருவருக்கு 27 ஆண்டுகள்: அவருக்கு 1,16,800. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளே இருந்த அந்த அண்ணன் கார் வேண்டாம் என்று சொன்னது முழுக்கச் சரி. வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் உள்ளவர்களும் உயர்வின் பக்கமே சாய வேண்டும். கடன் தகுதிக்கு வங்கி பார்ப்பது சம்பளச் சீட்டை. வாசலில் நிற்கும் நிறுவனத்துக் காரை அது கணக்கில் சேர்க்காது.

இன்னொன்று, சம்பளம் வளரும். ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்ந்தால் நான்கு ஆண்டு முடிவில் அந்த 15,000 ரூபாய் 20,400 ஆகிவிடும். கார் அதே நான்கு ஆண்டில் பழசாகும்.

இரண்டாம் படி: கார் இல்லாவிட்டால் என்ன செலவு செய்திருப்பீர்கள்?

காரின் ஷோரூம் விலையை மறந்துவிடுங்கள். 15 லட்சம் ரூபாய்க் கார் என்பதால் உங்களுக்கு 15 லட்சம் கிடைத்துவிடவில்லை. ஒரு மாதம் முழுக்கச் சிறு நோட்டில் ஓட்டத்தையும் செலவையும் எழுதினேன். இதற்குக் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. எனக்கு நாற்பது பக்க நோட்டுதான் சரி, வண்டியை விட்டு இறங்கும்போதே எழுதிவிடலாம். சொந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் 4,000, காப்பீடும் சர்வீஸும் மாதத்துக்கு 2,000. பழைய காரை விற்று வேறொன்று வாங்கினால் ஆண்டுதோறும் அதன் மதிப்பு குறையும். அதை மாதம் 8,000 என்று வைத்தேன். ஆக 14,000.

ஆனால் உங்களிடம் இன்னும் ஐந்து ஆண்டு நன்றாக ஓடக்கூடிய கார் இருந்தால் அந்த 8,000 பெரும்பாலும் கணக்கிலேயே வராது. மிச்சமாவது 6,000தான். அந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு சம்பள உயர்வை வாங்குங்கள்.

மூன்றாம் படி: காருக்கான வரி

நிறுவனத்தின் காரை வேலைக்கும் சொந்தத்துக்கும் பயன்படுத்தினால், அதன் சலுகை மதிப்பை உங்கள் வருமானத்தோடு சேர்ப்பார்கள். அப்போது நடப்பில் இருந்த 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 3ஆம் விதிப்படி, 1.6 லிட்டர் வரையுள்ள எஞ்சினுக்கு, ஓட்டச் செலவையும் நிறுவனமே ஏற்றால் மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2,400. ஓட்டுநர் கொடுத்தால் கூடுதலாக 900. சொந்த ஓட்டச் செலவை நீங்களே ஏற்றால் 600 அல்லது 900. 1,800க்கு என் வரி 374 ரூபாய் மட்டுமே.

மின்சாரக் காருக்கு எஞ்சினே கிடையாது. அதனால் எங்கள் சம்பளப் பிரிவின் மென்பொருளில் அந்தக் கட்டம் காலியாக நின்றது. யாரோ அதை 'முழுக்கச் சொந்தப் பயன்பாடு' என்ற தலைப்பில் தள்ளிவிட்டார்கள். அந்தத் தலைப்பில் கார் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதமும் உண்மையான ஓட்டச் செலவும் வருமானமாகிவிடும். 15 லட்சத்துக்கு மாதம் 12,500. அதற்கு மட்டும் வரி 2,600. முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைத்துப்போனேன். நியமனக் கடிதத்தில் 'அலுவலகப் பயன்பாட்டுக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும்' என்ற வாசகத்தைச் சேர்க்கச் செய்த பிறகே தணிக்கையாளர் சிறிய காருக்கான தொகைக்கு மாற்றினார். அந்த வாசகம் இல்லாமல் சாவியை வாங்காதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், ரூபாய்த் தொகைகளை அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்தே போடுங்கள்.

நான்காம் படி: வீட்டு மின் கட்டணம்

நான் உண்மையில் இடறியது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2024இல் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதன் பிறகு படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த சலுகையும் போய்விடும். அதற்கு மேலுள்ள யூனிட்டுகளின் விலை கீழ்ப்படிகளைவிட இருமடங்கை நெருங்கும்.

எங்கள் வீட்டில் முன்பு 420 யூனிட், கட்டணம் 1,300 ரூபாய்ச் சொச்சம். கார் வந்த பின், பாதிச் சார்ஜ் அலுவலகத்திலேயே போட்டும், 250 யூனிட் கூடி 670 ஆனது. கட்டணம் 3,550. நிறுவனம் வீட்டுச் சார்ஜுக்குப் பணம் தரத் தயாராகவே இருந்தது. கணக்குப் பிரிவு 3,550ஐ 670ஆல் வகுத்து, யூனிட்டுக்கு 5 ரூபாய் 30 காசு என்று 1,325 ரூபாய் அனுப்பியது. பார்க்க நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் காரால் எனக்குக் கூடிய செலவு 2,250. யூனிட்டுக்கு 9 ரூபாய்! சராசரியில் வகுத்தால் மலிவான கீழ்ப்படிகளும் சேர்ந்து விலையைக் குறைத்துக் காட்டிவிடுகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 925 ரூபாய் என் கையைக் கடித்தது.

சரியான வழி இதுதான். எலக்ட்ரீஷியனை அழைத்துக் கார் பிளக்குக்கு மட்டும் தனித் துணை மீட்டர் வையுங்கள். எர்த்திங்கையும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். கட்டணச் சீட்டு வந்ததும் துணை மீட்டர் யூனிட்டைக் கழித்துவிட்டு, கார் இல்லாதிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நிறுவனம் தர வேண்டியது. இதை இரண்டு வரியில் எழுதி மீட்டர் படத்தோடு அனுப்பினேன்; அடுத்த சுற்றிலிருந்து முழுத் தொகையும் வந்தது. காரின் செயலி காட்டும் யூனிட்டை நம்ப வேண்டாம். பேட்டரிக்குள் போனதை அது காட்டுகிறது; வழியில் வெப்பமாக வீணாவதற்கும் நாம் பணம் கட்டுகிறோம்.

ஐந்தாம் படி: வெளியேறும் நாள்

வேலையை விட்டால், காருக்கு நிறுவனம் கட்டிவரும் மாதக் குத்தகையில் மீதியை யார் கட்டுவது, விபத்தில் காப்பீடு தராத பங்கு யாருடையது, குடும்பத்தினர் ஓட்டலாமா, சொந்தப் பயணத்தின் சுங்கக் கட்டணம் யாருக்கு? நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். என் கடிதத்தின் முதல் வடிவில், விலகினால் மீதி மாதக் குத்தகை முழுதும் என் தலையில் என்று இருந்தது. மறுத்தேன், காரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மாற்றினார்கள். மாற்றியிருக்காவிட்டால் உயர்வையே வாங்கியிருப்பேன்.

எல்லாம் போக, அப்போதைய கணக்கில் கார் மாதம் ஏறத்தாழ 13,600, உயர்வு பி.எஃப். உட்பட 12,800. சிறு வித்தியாசம்தான். பழைய கார் சாகக் கிடந்ததாலும், விலகும் நிபந்தனை மாறியதாலும் காரை எடுத்தேன். சித்திரை வெயிலில் ஏசியோடு ஒரு சார்ஜில் 210 கி.மீ. ஓடுகிறது, ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறித் தேனிக்குப் போய்த் திரும்ப அது போதும்.

பின்சேர்க்கை: செல்லூரில் வாடகை வீட்டில் இருக்கும் வாசகர் ஒருவர், வீட்டுக்காரர் சார்ஜ் போட அனுமதிக்க மறுக்கிறார் என்று எழுதியிருந்தார். அந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் ஒரே மின் இணைப்பு. வீட்டுக்காரரின் பயம் நியாயமானது. உங்கள் காரால் அவருடைய யூனிட்டும் மேல்படிக்கு ஏறிவிடும். துணை மீட்டரைக் காட்டி, கூடும் வித்தியாசம் முழுவதையும் நீங்களே தருவதாக எழுதிக் கொடுங்கள். அதற்கும் இசையாவிட்டால், அலுவலகத்தில் மட்டுமே சார்ஜ் போட்டு உங்கள் வாரம் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால் உயர்வுக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.