முதல் ட்ரையத்லான்: கடலில் இறங்குவது முதல் முடிவுக் கோட்டைத் தொடுவது வரை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டியான ட்ரையத்லான் என்றதும் பலருக்கு அயர்ன்மேன்தான் நினைவுக்கு வருகிறது. அது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 2019-ல் கோவாவின் மிராமர் கடற்கரையில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 (மொத்தம் 70.3 மைல்) சரியாக அதில் பாதி. முதல் போட்டியாக இந்த இரண்டையும் எடுக்க வேண்டாம். ஒலிம்பிக் தூரம் என்று சொல்லப்படும் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் போதும். நீச்சல் புதிது என்றால் அதிலும் பாதியான ஸ்பிரிண்ட்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ.

இந்தக் குறிப்புகள் ஒலிம்பிக் தூரத்துக்கு, நம் ஊர் வெயிலையும் கடலையும் மனதில் வைத்து எழுதியவை. மூன்றையும் தனித்தனியே நன்றாகச் செய்பவர்கள்கூடப் போட்டியில் தடுமாறுவது ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடத்தில்தான். பயிற்சியில் அந்த இடத்துக்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும்.

தொடங்கும் முன்

நீச்சல் குளத்தில் 800 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 2 மணி நேரம் சைக்கிள் ஓட்டவும், 6 கி.மீ. ஓடவும் முடிகிறது என்றால் 12 வாரம் போதுமானது. வாரத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் தேவை: மூன்று நீச்சல், இரண்டு சைக்கிள், மூன்று ஓட்டம். அதில் ஓர் ஓட்டம் சைக்கிளை விட்டு இறங்கியதுமே. மூன்று வாரம் அளவைக் கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரம் குறையுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் வழக்கத்தில் பாதி போதும். கடைசி வாரத்தில் கூடுதலாகச் செய்யும் எதுவும் போட்டிக்கு உதவாது, கால் களைப்புதான் மிஞ்சும்.

40 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்கேனும் இளம் வயதில் மாரடைப்பு வந்திருப்பவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். அமெரிக்கப் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களையும் திடீரென இதயம் நின்றுபோன சம்பவங்களையும் ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நிகழ்ந்திருந்தது.

நீச்சல்

25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு முறை சுவரை உதைக்கும்போதும் இரண்டு நொடி ஓய்வும் இலவசமாக நான்கைந்து மீட்டரும் கிடைக்கின்றன. கடலில் சுவர் இல்லை. அதனால் வாரம் ஒரு நாளாவது சுவரைத் தொடாமல், ஒரு மீட்டர் முன்பே திரும்பி நீந்திப் பழகுங்கள். அப்படி 1,800 மீட்டர் முடிந்தால் 1,500-க்கு உடல் தயார். குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோடும் கடலில் இருக்காது. ஆறு அல்லது எட்டு கை வீச்சுக்கு ஒரு முறை முதலை மாதிரி கண்ணை மட்டும் நீருக்கு மேல் தூக்கி முன்னால் பாருங்கள். மூச்சை அடுத்த திருப்பத்தில் பக்கவாட்டில் எடுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்து வேகம் போய்விடும். பாதையைக் காட்டும் மிதவை அலையில் தெரியாது. அதற்குப் பின்னால் கரையில் இருக்கும் உயரமான கட்டடத்தையோ கலங்கரை விளக்கத்தையோ போட்டிக்கு முன்பே குறித்துவைத்து அதை நோக்கி நீந்துங்கள். அலையின் உச்சியில் இருக்கும்போது மட்டும் பாருங்கள், பள்ளத்தில் தண்ணீர்தான் தெரியும்.

நல்ல நீச்சல்காரர்களுக்கும் முதல் 200 மீட்டரில் மார்பு இறுகி மூச்சு முட்டுவது உண்டு. படபடப்பில் ஆரம்ப வேகம் கூடிவிடுகிறது. நீருக்குள் மூச்சை வெளியே விடாமல் அடக்கிவிடுகிறோம். பழைய காற்று நுரையீரலில் நிற்க, புதிய காற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. முகம் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரத்திலோ பின்னாலோ நின்று தொடங்குங்கள். அப்படியும் முட்டினால் மல்லாந்து படுத்து முப்பது நொடி மிதங்கள். மீட்புக் குழுவின் கயாக் படகையோ மீட்புப் பலகையையோ பிடித்து இளைப்பாறலாம், அதை வைத்து முன்னேறாதவரை தகுதி நீக்கம் கிடையாது. மார்பு வலியோ, தணியாத இருமலோ, நுரையோடு சளியோ வந்தால் கையை உயர்த்திக் கரைக்கு வந்துவிடுங்கள். அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது.

உடையும் அலைக்கு மேலே குதிக்காமல் அடியில் மூழ்கிக் கடக்க வேண்டும். திரும்பும்போது கை இரண்டு முறை மணலைத் தொடும்வரை நீந்திவிட்டு எழுங்கள். இடுப்பளவு நீரில் நடப்பது நீந்துவதைவிட மெதுவானது, களைப்பும் அதிகம்.

கடல் பயிற்சிக்குத் தனியாக ஒருபோதும் போகாதீர்கள். மெரினா போன்ற கரைகளில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் வெளியே தெரியாது. அந்தக் கரையில் தொழில் செய்யும் மீனவர்களிடம் அன்றைய நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை அவசியம். இழுப்பில் மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி அதைத் தாண்டிய பிறகு திரும்புங்கள்.

கழுத்து, அக்குள், உள்தொடையில் வாஸ்லின் தடவாவிட்டால் உப்பு நீர் அரை மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். கண்ணாடியின் பட்டையைத் தொப்பிக்கு உள்ளே போடுங்கள். பக்கத்து ஆளின் கை பட்டாலும் கழன்று போகாது.

சைக்கிளுக்கு மாறும் இடம்

நீச்சலின் கடைசி 50 மீட்டரில் காலை வேகமாக அடியுங்கள். எழுந்ததும் வரும் தலைசுற்றல் குறையும். சைக்கிள் நிறுத்திய இடத்தை வரிசை எண்ணோடு காலையிலேயே நடந்து பார்த்து வையுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிளுக்கு நடுவே ஈரக் கண்ணோடு தேடுவதில் இரண்டு நிமிடம் சாதாரணமாகப் போகும்.

சைக்கிள் பக்கத்தில் சின்னத் துண்டு. ஹெல்மெட் மல்லாந்த நிலையில் ஹேண்டில்பார் மேல், பட்டைகள் இரு பக்கமும் விரித்து, உள்ளே கூலிங் கிளாஸ். கீழே ஷூ, அதற்குள் பவுடர் தூவிய சாக்ஸ். கால் மணலைக் கழுவ அரை லிட்டர் தண்ணீர். எண் அட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டினால் சைக்கிளில் முதுகுப் பக்கமும் ஓட்டத்தில் வயிற்றுப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். நேரம் பதியும் சிப் இடது கணுக்காலில். வலதில் கட்டினால் செயினில் உரசும்.

தகுதி நீக்கம் வரைக்கும் கொண்டுபோகக் கூடிய விதி ஒன்று உண்டு. ஹெல்மெட் பட்டை பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். இதைக் கை தானாகச் செய்யும்வரை வீட்டு வாசலில் இருபது முறை செய்து பாருங்கள். ஹேண்டில்பார் முனைகளில் மூடி இல்லாவிட்டால் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஹெட்போன் கூடாது.

சைக்கிள்

மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள ரோடு பைக் சைக்கிள் நல்லது. ஸ்பிரிண்ட் தூரத்துக்கு நேரான ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிளே போதும். 70 கிலோ எடையுள்ளவர், 25 மி.மீ. டயர் என்றால் காற்றழுத்தம் 80 முதல் 85 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் அடித்தால் வேகமாகப் போவதாகத் தோன்றும், கரடுமுரடான தார்ச்சாலையில் உண்மையில் வேகம் குறையும். காற்றைப் போட்டி அன்று விடியற்காலையில் அடியுங்கள். முந்தின நாளே முழுக் காற்றோடு வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கலாம். இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர், சிறு பம்ப் கூடவே இருக்கட்டும். பின் சக்கரப் பஞ்சரை எட்டு நிமிடத்துக்குள் போடப் பழகியிருக்க வேண்டும். புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள்ளை எடுக்க மறப்பவர்களுக்குத்தான் ஒரே கிலோமீட்டரில் மறுபடியும் பஞ்சர்.

முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பது பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் குற்றம். இடைவெளி 10 அல்லது 12 மீட்டர், போட்டியின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை, முதல் 10 கி.மீ. மிகச் சுலபமாக இருக்கிறதே என்று நினைக்கும்படி ஓட்டுங்கள். அதன் பிறகும் நாலைந்து சொல்லாகப் பேச முடிய வேண்டும். நிமிடத்துக்கு 85 முதல் 90 மிதி. கனமான கியரில் 65 மிதித்தால் தொடைத் தசை ஓட்டத்துக்கு மிஞ்சாது. சைக்கிளில் மூன்று நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டு ஓட்டத்தில் பதினைந்து நிமிடம் நடப்பவர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம்.

குடிப்பதும் சாப்பிடுவதும்

மணிக்கு 500 முதல் 750 மி.லி. குடியுங்கள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குமட்டல், தலைவலி, குழப்பம் வரலாம்; அது உயிருக்கே ஆபத்து. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாக சோடியம். வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், 5 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சை. இதில் சுமார் 60 கிராம் மாவுச்சத்தும் 600 மி.கி. சோடியமும் கிடைக்கும். வாயில் வைத்தால் லேசாகக் கரிக்க வேண்டும். கூட ஒரு வாழைப்பழம். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், ஓடும்போது வயிற்றில் நிற்கும்.

காலை உணவு மூன்று மணி நேரம் முன்பே: நாலைந்து இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் அன்று வேண்டாம். போட்டி அன்று சாப்பிடும் எதையும் பயிற்சியில் குறைந்தது மூன்று முறை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஓட்டம்

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் உங்களுடையதாக இருக்காது. முதல் ஒன்றரை கிலோமீட்டர் தொடை மரத்த மாதிரி கிடக்கும். ஆனாலும் கடிகாரம் நீங்கள் நினைத்ததைவிட வேகமாக ஓடுவதாகக் காட்டும், ஏனென்றால் சைக்கிளின் துரித மிதி இன்னும் காலில் இருக்கிறது. அங்கேதான் அடக்க வேண்டும். முதல் கிலோமீட்டரை இலக்கைவிட 20 முதல் 30 நொடி மெதுவாக ஓடுங்கள். வாரம் ஒரு முறை 90 நிமிட சைக்கிளுக்குப் பின் உடனே 20 நிமிடம் ஓடும் பயிற்சியை 12 வாரமும் விடாதவர்களுக்கு இந்த மரத்துப்போன நிலை சீக்கிரம் கலையும்.

ஷூவில் எலாஸ்டிக் லேஸ் போட்டால் முடிச்சுப் போடும் வேலை இல்லை. தண்ணீர் தரும் ஒவ்வொரு இடத்திலும் பத்து எட்டு நடந்து, இரண்டு மிடறு குடித்து, மிச்சத்தைக் கழுத்திலும் தலையிலும் ஊற்றுங்கள். ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள். தண்ணீரை ஷூவுக்குள் வழியவிடாமல் குனிந்து ஊற்றுங்கள், ஈர சாக்ஸ் கொப்புளம் போட்டுவிடும். வெயிலில் திடீரெனக் குளிர் எடுத்தாலோ தடுமாறினாலோ ஓட்டத்தை நிறுத்தி உதவி கேளுங்கள். அது வெப்பத் தாக்கின் அறிகுறி.

முடித்த பிறகு

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், ஒரு மணி நேரத்துக்குள் தயிர் சாதமோ முட்டையோடு சோறோ சாப்பிடுங்கள். சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுங்கள். அன்று மாலையே அதை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈர உடம்பிலிருந்து சொட்டிய கடல் நீரும் உப்புக் கரைசலும் ஹேண்டில்பார் போல்ட்டுகளிலும் செயினிலும் படிந்திருக்கும், இரண்டே நாளில் துருப்பிடிக்கும். அழுத்தமான குழாய்த் தண்ணீரைப் பேரிங் பக்கம் அடிக்காமல் மக்கில் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, செயின் நன்றாகக் காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.